நோவைக் கேட்கக் கற்றுக்கொடுப்பது யார்? மருத்துவபீடங்களும் வலி என்ற பாடமும்

சில மாதங்களுக்கு முன் உம்மாவின் முழங்கால் நோவுக்காக ஒரு கிளினிக்குக் கூட்டிச் சென்றிருந்தேன். விடிய ஐந்தரைக்குப் போய் நம்பர் எடுத்து, பதினொன்றரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். இளம் வைத்தியர். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரிதெனவத?" என்று ஒரே ஒரு கேள்வி. உம்மா "ஓ" என்றார். "வயசுக்கு இப்படித்தான்" என்று துண்டில் இரண்டு மருந்தை எழுதித் தந்தார். மொத்தமாக இரண்டு நிமிடமும் வராது.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வெளியே இன்னும் அறுபது பேர் இருந்தார்கள். ஆனால் ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது ஒரு வேலையை அரைகுறையாகச் செய்தால், இவருக்கு இதைப் படிப்பித்தவர் யார், எத்தனை பாடவேளையில் படிப்பித்தார் என்று யோசிப்போம். நோவு என்று சொல்லித்தான் பெரும்பாலானோர் வைத்தியரிடம் போகிறோம். அந்த நோவைப் பற்றி ஒரு வைத்தியர் தன் மருத்துவக் கல்வியில் எவ்வளவு படிக்கிறார்?

இந்தக் கேள்வியை ஆய்வாளர்கள் கேட்டு, மணித்தியாலக் கணக்கில் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். கனடாவில் 10 பல்கலைக்கழகங்களை எடுத்து 2009இல் வெளியான ஆய்வின்படி மருத்துவ மாணவருக்கு வலி பற்றிய கற்பித்தல் சராசரியாக 16 மணித்தியாலம். அதே ஆய்வில் மிருக வைத்திய மாணவருக்கு 87 மணித்தியாலம். மாட்டுக்கும் பூனைக்கும் வைத்தியம் பார்க்கப் போகிறவர், மனிதருக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவரை விட ஐந்து மடங்குக்கு மேல் நோவைப் பற்றிப் படிக்கிறார். மிருகத்துக்கு வாய் பேச வராது, ஆகவே அதன் நோவைக் கண்டுபிடிக்கப் பயிற்சி வேண்டும் என்பது ஒரு விளக்கம். மனிதர் வாயால் சொல்லிவிடுவார், அதனால் படிக்கத் தேவையில்லை என்று நினைத்தார்களோ என்னவோ. சொல்வதைக் கேட்பதற்கும் பயிற்சி வேண்டும் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் 117 மருத்துவக் கல்லூரிகளின் பாடத்திட்டங்களை ஆராய்ந்த இன்னோர் ஆய்வு 2011இல் வந்தது. அமெரிக்கக் கல்லூரிகளின் இடைய மதிப்பு 9 மணித்தியாலம். கனடாவில் 19.5. வலியைத் தனிப் பாடமாகக் கட்டாயப்படுத்தியிருந்த அமெரிக்கக் கல்லூரிகள் நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. ஐரோப்பாவில் 15 நாடுகளின் 242 மருத்துவபீடங்களைப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வும் இதே கதையைத்தான் சொன்னது. தனியாகவும் கட்டாயமாகவும் கற்பித்த இடங்களில்கூட அது சுமார் 12 மணித்தியாலம். ஆறு வருடப் படிப்பில் ஆயிரத்தில் இரண்டு பங்கு.

ஒன்பது மணித்தியாலம் என்றால் நமது பாடசாலைக் கணக்கில் 40 நிமிடப் பாடவேளைகள் பதின்மூன்றரை. வாரத்துக்கு ஆறு பாடவேளை என்று வைத்தால் இரண்டேகால் வாரத்தில் முடிந்துவிடும். ஓர் அலகை இரண்டேகால் வாரத்தில் முடித்துவிட்டு, பரீட்சையில் அதிலிருந்து கேள்வியும் வராது என்றால், மாணவர் அதை எப்படிப் படிப்பார் என்பது எந்த ஆசிரியருக்கும் தெரிந்த விடயம்.

ஏன் இப்படி நடந்தது? யாரும் வேண்டுமென்று விட்டதல்ல. மருத்துவபீடம் உறுப்புகளாகவும் துறைகளாகவும் பிரிந்து கிடக்கிறது. இருதயத்துக்கு ஒரு துறை, எலும்புக்கு ஒரு துறை, பிள்ளைகளுக்கு ஒரு துறை. நோவு எல்லாத் துறைகளிலும் இருக்கிறது, அதனால் எந்தத் துறைக்கும் சொந்தமில்லை. உடற்றொழிலியல் விரிவுரையாளர் நரம்பைப் பற்றிச் சொல்வார். மருந்தியலில் மருந்துப் பட்டியல் வரும். மயக்க மருந்துத் துறையில் சத்திரசிகிச்சையோடு சேர்த்துக் கொஞ்சம் வரும். மற்றதை மற்றவர் படிப்பித்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள். பொதுவில் வளர்க்கப்படும் பிள்ளைக்கு யாரும் சோறு போடாத கதைதான்.

படிப்பிக்கப்படும் அந்தக் கொஞ்சமும் எப்படிப் படிப்பிக்கப்படுகிறது என்பது அடுத்த விடயம். மருத்துவ மாணவர் முதலில் சந்திக்கும் மனித உடல் உடற்கூற்று மேசையில் கிடக்கும் பிரேதம். அதற்கு நோகாது. பிறகு உடற்றொழிலியல் வகுப்பு. தோலில் இருக்கும் வாங்கி தூண்டப்படுகிறது, கணத்தாக்கம் நரம்பு நார் வழியே முண்ணாணுக்குப் போகிறது, அங்கிருந்து மூளைக்கு. இந்தப் படத்தின் மூலவர் 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்கார்ட். நெருப்பில் கால் பட்டதும் கயிற்றை இழுத்தால் மணி அடிப்பது போல மூளையில் நோவு அடிக்கிறது என்பது அவரது விளக்கம். நானும் வகுப்பில் தெறிவினையைப் படிப்பிக்கும்போது ஏறக்குறைய இதே படத்தைத்தான் கரும்பலகையில் கீறுகிறேன். ஆரம்பத்துக்கு அது போதும்.

ஆனால் அதோடு நின்றால் ஆபத்து. கயிறு இழுபடவில்லை என்றால் மணி அடிக்கக் கூடாதல்லவா? எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை, ஆகவே நோவு இருக்க முடியாது, இவர் நடிக்கிறார் அல்லது மனதில்தான் பிரச்சினை. இந்த முடிவு கெட்ட எண்ணத்தில் பிறப்பதல்ல, அந்தப் படத்திலிருந்து பிறப்பது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் அன்சியோ போர்முனையில் படுகாயமடைந்த அமெரிக்கச் சிப்பாய்களில் பெரும்பாலானோர் நோவு மருந்து வேண்டாம் என்றதை ஹென்றி பீச்சர் என்ற வைத்தியர் பதிவு செய்தார். காயம் பெரிது, நோவு சிறிது. உயிரோடு போர்முனையை விட்டு வீடு போகிறோம் என்ற நிம்மதிக்கும் அதில் பங்கிருந்தது என்பது அவர் கருத்து. 1965இல் ரொனால்ட் மெல்சாக், பட்ரிக் வோல் என்ற இருவர் இதற்கொரு பொறிமுறையை முன்வைத்தார்கள். முண்ணாணில் ஒரு வாயிற்கதவு போன்ற அமைப்பு இருக்கிறது, கீழிருந்து வரும் செய்தியை மூளையிலிருந்து இறங்கி வரும் செய்தி கூட்டவும் குறைக்கவும் முடியும் என்றார்கள். அடிபட்ட இடத்தை உம்மா தடவிவிட்டதும் பிள்ளையின் அழுகை குறைவதற்கும் இதில் விளக்கம் இருக்கிறது. விபரங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும், நோவு என்பது இழையத்தில் ஏற்பட்ட சேதத்தின் அளவல்ல என்பது அத்தோடு நிலைபெற்றது.

மூன்றாம் கட்டம் வார்ட். பிரித்தானிய மரபில் வந்த மருத்துவபீடங்களில் நோவைப் பற்றி விசாரிக்க மாணவருக்கு ஒரு ஞாபகச் சொல் கொடுப்பார்கள்: சோக்ரட்டீஸ். அந்தக் கிரேக்க ஞானியின் பெயரிலுள்ள ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் ஒரு கேள்வி. எங்கே, எப்போது தொடங்கியது, எப்படிப்பட்டது, எங்கே பரவுகிறது, கூடவே வேறென்ன, எவ்வளவு நேரம், எதனால் கூடுகிறது குறைகிறது, எவ்வளவு கடுமை. நல்ல ஒழுங்கு. ஆனால் இந்தக் கேள்விகளின் நோக்கம் நோயைக் கண்டுபிடிப்பது. நோவு இங்கே துப்பு. கள்வன் பிடிபட்டதும் துப்பை யார் தேடுவார்?

இதற்கு ஓர் உதாரணம் வயிற்றுக்குத்து. திடீர் வயிற்று நோவோடு வருபவருக்கு, சத்திரசிகிச்சை நிபுணர் வந்து பார்க்கும் வரை நோவு மருந்து கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அறிகுறி மறைந்துவிடும் என்று பல தலைமுறைகளாகப் படிப்பித்தார்கள். சக்கரி கோப் என்பவர் 1921இல் எழுதிய புகழ்பெற்ற பாடநூலும் அப்படித்தான் எச்சரித்தது. அப்பெண்டிசைட்டிஸ் நோயாளி சுருண்டு கிடக்க, வைத்தியர் மணிக்கணக்கில் காத்திருப்பார். பிற்காலத்தில் முறையாகச் சோதித்துப் பார்த்தபோது, மருந்து கொடுத்ததால் நோயைத் தவறாகக் கண்டறிவது கூடவில்லை என்று தெரிந்தது. நூலின் பிந்திய பதிப்புகளும் மாறின. அதுவரை எத்தனை பேர் வீணாகத் துடித்திருப்பார்கள்!

இன்னும் மோசமானது பச்சைக் குழந்தைகளின் கதை. பிறந்த குழந்தையின் நரம்புத் தொகுதி முதிரவில்லை, அதனால் நோவை உணராது என்ற நம்பிக்கை 1980கள் வரை பல நாடுகளின் வைத்தியசாலைகளில் இருந்தது. அசையாமல் இருக்க மருந்தும், பெயருக்குக் கொஞ்சம் மயக்க வாயுவும் கொடுத்துக் குழந்தைகளைச் சத்திரசிகிச்சை செய்தார்கள். இந்தியாவிலிருந்து ஒக்ஸ்போர்டுக்குப் படிக்கப் போன கே.ஜே.எஸ். ஆனந்த் என்ற வைத்தியர், போதிய நோவு மருந்து கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகளின் உடல் சத்திரசிகிச்சையின் தாக்கத்தை எவ்வளவு நன்றாகத் தாங்குகிறது என்பதை 1987இல் அளந்து காட்டிய பிறகுதான் நிலைமை வேகமாக மாறியது. அந்த நம்பிக்கையோடு வேலை செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர். பிள்ளை பெற்றவர்கள், படித்தவர்கள். தமக்குப் படிப்பிக்கப்பட்டதைச் செய்தார்கள்.

மாணவர் புத்தகத்தில் இருந்து மட்டும் கற்பதில்லை. வார்ட் ரவுண்டில் பெரிய வைத்தியர் யாருடைய முனகலுக்கு நிற்கிறார், யாரைக் கடந்து போகிறார் என்பதைப் பார்த்துக் கற்கிறார். ஊரில் புழங்கும் கதைகளையும் கூடவே கொண்டு வருகிறார். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 222 வெள்ளையின மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி வைத்தியர்களிடமும் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய அரைவாசிப் பேர் கறுப்பினத்தவரின் உடல் பற்றிய ஒரு தவறான கருத்தையாவது நம்பினார்கள். தோல் தடிப்பானது என்பது அவற்றில் ஒன்று. அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் நோவைக் குறைத்து மதிப்பிட்டார்கள், பொருத்தம் குறைந்த மருந்தையும் பரிந்துரைத்தார்கள். மருத்துவம் படித்துக்கொண்டிருப்பவர்கள் இவர்கள்.

நம் நாட்டில் இதற்கு மொழி என்ற இன்னொரு முகம் இருக்கிறது. மெல்சாக் 1975இல் மக்கில் வினாக்கொத்தை வெளியிட்டபோது நோவை விபரிக்கும் 78 சொற்களை 20 கூட்டமாகப் பிரித்து வைத்தார். சொல்லே நோயைக் காட்டும் என்பது அதன் அடிப்படை. அவருக்குச் சுமார் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னு ஸீனா தமது 'அல்-கானூன்' நூலில் நோவைப் பதினைந்து வகையாகப் பிரித்திருந்தார். குத்துவது, துளைப்பது, அழுத்துவது, துடிப்பது, விறைப்பது, கனப்பது என்று போகும் அந்தப் பட்டியல். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் 17ஆம் நூற்றாண்டு வரை படிப்பித்த நூல் அது. நம் உம்மாமாரிடமும் சொல்லுக்குப் பஞ்சமில்லை. குத்துது, கடுக்குது, உளையுது, எரியுது, விறைக்குது, பிசையுது, சுண்டி இழுக்குது. எரியுது, விறைக்குது என்றால் நரம்பைப் பார்க்க வேண்டும். உளையுது என்றால் மூட்டு அல்லது தசை என்று தேடத் தொடங்கலாம். "ரிதெனவத?" என்ற கேள்விக்கு "ஓ" என்று மட்டும் பதில் சொல்லும்போது இவையெல்லாம் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. தமிழ் தெரிந்த வைத்தியர் என்றாலும் கேட்டால்தானே வரும்.

இனி நல்ல செய்தி. டொரொன்டோ பல்கலைக்கழகம் 2002இல் ஒரு காரியம் செய்தது. மருத்துவம், பல் மருத்துவம், தாதியியல், மருந்தாளரியல், பிசியோதெரப்பி, தொழில்வழிச் சிகிச்சை ஆகிய ஆறு பிரிவு மாணவர்களை ஒன்றாகச் சேர்த்து, வலியைப் பற்றி மட்டும் 20 மணித்தியாலக் கட்டாயப் பாடநெறி ஒன்றை நடத்தியது. முதல் வருடம் 540 மாணவர்கள், பின்னர் அது தொள்ளாயிரம் அளவுக்குப் போனது. தனித்தனி வகுப்பு அல்ல. ஒரே நோயாளியின் கதையை வைத்துக்கொண்டு வருங்கால வைத்தியரும் தாதியும் பிசியோவும் சேர்ந்து சிகிச்சைத் திட்டம் போட வேண்டும். உலகெங்கும் இதை முன்மாதிரியாகப் பேசினார்கள்.

ஆனால் இதே பாடநெறிக்குள்தான் மற்றப் பாடமும் இருக்கிறது. அதன் ஆரம்ப ஆண்டுகளில் மருந்துக் கம்பனிகளின் பணமும் அதற்குக் கிடைத்தது. ஒக்சிகொன்டின் என்ற அபின்வகை மாத்திரையை விற்ற பர்டியூ கம்பனியின் செலவில் தயாரான ஒரு புத்தகம் மாணவர்களுக்கு இலவசமாகப் போனது. அந்த விரிவுரைகளில் மாணவராக இருந்த ஒருவர் பின்னர் வைத்தியராகி, அவற்றில் அபின்வகை மருந்துகளின் நன்மை கூட்டியும் தீங்கு குறைத்தும் சொல்லப்பட்டிருந்ததை ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார். பல்கலைக்கழகமும் பாடநெறியை மறுபரிசீலனை செய்ய நேர்ந்தது.

இது எவ்வளவு பெரிய விடயம் என்று விளங்க அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். 1980இல் ஒரு மருத்துவச் சஞ்சிகையில் ஐந்தே வசனத்தில் ஒரு கடிதம் வந்தது. வைத்தியசாலையில் தங்கியிருந்து இத்தகைய மருந்து பெற்ற 11,882 பேரில் நால்வர் மட்டுமே அடிமையானதாக அது சொன்னது. வைத்தியசாலைக் கட்டிலில், கண்காணிப்பில், சில நாட்களுக்கு மருந்து எடுத்தவர்கள் இவர்கள். ஆனால் வீட்டில் மாதக் கணக்கில் மாத்திரை விழுங்குபவருக்கும் ஆபத்தில்லை என்பதற்கு அதுவே ஆதாரமாகக் காட்டப்பட்டது. 2017இல் எண்ணிப் பார்த்தபோது 608 கட்டுரைகள் அக்கடிதத்தை எடுத்தாண்டிருந்தன. ஒக்சிகொன்டின் 1996இல் சந்தைக்கு வந்தது. நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் போல நோவையும் ஐந்தாவது உயிர்க்குறியாக எல்லா நோயாளியிடமும் கேட்க வேண்டும் என்ற இயக்கமும் அதே காலத்தில்தான் வலுத்தது. கேட்கச் சொன்னது சரி. கேட்டு வரும் பதிலை வைத்து என்ன செய்வதென்று ஒன்பது மணித்தியாலம் படித்த வைத்தியருக்குத் தெரியவில்லை. மாத்திரை எழுதுவது இலகுவாக இருந்தது. படிப்பிக்காமல் விட்ட இடத்தை விற்பனைப் பிரதிநிதி நிரப்பினார். மருந்தின் ஆபத்தை மறைத்து விற்றதை அக்கம்பனி 2007இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு சுமார் 600 மில்லியன் டொலர் கட்டியது. 2021இல் மட்டும் அமெரிக்காவில் அபின்வகைப் பொருட்களால் இறந்தவர்கள் 80,000க்கும் மேல். அப்போது கொன்றதில் பெரும்பங்கு கள்ளச் சந்தை ஃபென்டனில்தான் என்றாலும், பலருக்குப் பாதை திறந்தது மருந்துத் துண்டில்தான். 2015இல் மசசூசெட்ஸ் மாநிலத்தின் நான்கு மருத்துவக் கல்லூரிகள் ஒன்றுகூடி, இந்த மருந்துகள் பற்றி ஒவ்வொரு மாணவருக்கும் தெரிந்திருக்க வேண்டியவற்றை வகுத்துக்கொண்டன.

அமெரிக்காவின் கதையைக் கேட்டுவிட்டு மோர்பினே வேண்டாம் என்று நாம் முடிவெடுத்தால் அது மறுபக்கத் தவறு. 2017இல் வெளியான லான்செட் ஆணைக்குழு அறிக்கையின்படி, உலகம் முழுதும் விநியோகிக்கப்பட்ட 298.5 தொன் அளவான அபின்வகை நோவு மருந்தில் வறிய நாடுகளுக்குப் போனது 0.1 தொன். ஓரிடத்தில் அள்ளிக் கொட்டினார்கள், இன்னோரிடத்தில் புற்றுநோய் முற்றியவருக்குப் பனடோலைக் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டும் ஒரே அறியாமையின் இரு முனைகள்.

நம் சமூகத்தில் இதைப் பேசும்போது மார்க்கமும் வரும். புற்றுநோயாளிக்கு மோர்பின் என்றதும் குடும்பத்தவர் பயப்படுகிறார்கள். போதை, ஹராம், அடிமையாகிவிடுவார் என்று மறுத்துவிட்டு, நோயாளியை ஸபூராக இருக்கச் சொல்கிறார்கள். முள் குத்தும் நோவுக்கும் பாவம் மன்னிக்கப்படும் என்ற ஹதீஸ் நமக்கெல்லாம் தெரியும். அது நோயாளிக்கு ஆறுதல். பக்கத்தில் நிற்பவர் கைகட்டி நிற்க அனுமதியல்ல. மருந்து செய்யச் சொன்னதும் அதே நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள்தான். நோவைச் சொல்லி வந்த தோழரிடம், நோகும் இடத்தில் உமது கையை வையும் என்று சொல்லி துஆவைக் கற்றுக்கொடுத்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஐயூப் அலைஹிஸ்ஸலாம் தமது துன்பத்தை அல்லாஹ்விடம் வாய்விட்டுச் சொன்னார்கள், அது பொறுமையில் குறையாகக் கணிக்கப்படவில்லை. கடும் நோவுக்குச் சிகிச்சையாக, வைத்தியரின் கண்காணிப்பில் இத்தகைய மருந்தை எடுப்பதை நிர்ப்பந்தத்தின் அடிப்படையில் மார்க்க அறிஞர்கள் பொதுவாக அனுமதித்தே வந்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து முடிவெடுக்காமல் ஆலிமிடமும் வைத்தியரிடமும் கேட்க வேண்டிய விடயம் இது.

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இதற்கு விடை தேடியிருக்கிறார்கள். 1993இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் டொக்டர் ராஜகோபால், டொக்டர் சுரேஷ்குமார் போன்றோர் தொடங்கிய வலி நிவாரணச் சிகிச்சை, பின்னர் மலப்புரத்தில் அயலவர் வலையமைப்பாகப் பரவியது. கடைக்காரர், ஆசிரியர், மாணவர் என்று சாதாரண மக்கள் பயிற்சி பெற்று, படுக்கையில் கிடப்போரை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறார்கள். வைத்தியரும் தாதியும் அவர்களோடு போகிறார்கள். 2008இல் இதற்கென மாநிலக் கொள்கையே வந்தது. நோவு குடும்பத்தை, வருமானத்தை, தூக்கத்தை எப்படித் தின்கிறது என்பதை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனால்தான் காண முடியும். அதற்கு விரிவுரை மண்டபம் போதாது.

உலக வலி ஆய்வுச் சங்கம் 1979இல் வகுத்த வரைவிலக்கணத்தை 2020இல் திருத்தியது. நோவு எப்போதும் ஒருவரின் சொந்த அனுபவம், தனக்கு நோகிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும், சொல்ல முடியாதவருக்கு நோகவில்லை என்று ஆகாது என்பவை அதன் விளக்கக் குறிப்புகளில் உள்ளன. முதல் நாள் முதல் பாடமாக இதைப் படிப்பித்தால் அரை மணித்தியாலம் போகும். நம் மருத்துவபீடங்களில் பாடத்திட்டம் திருத்துவோர் இதற்கு இடம் தேட வேண்டும். பரீட்சையிலும் இதிலிருந்து ஒரு கேள்வி போட வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் படிக்கமாட்டார்கள். இது என் அனுபவம்.

உம்மாவின் கதை அன்றோடு முடியவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பிசியோதெரப்பிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தது ஓர் இளம் சகோதரி. முழங்காலைத் தொடுவதற்கு முன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "உம்மா, இந்த நோவால உங்களுக்குச் செய்ய ஏலாமப் போன வேலை என்ன?" என்று கேட்டார். உம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஸுஜூதுக்குப் போக ஏலாம இருக்கு மகள்" என்றார். எட்டு மாதமாகக் கதிரையில் இருந்துதான் தொழுகிறார். அதை அவர் எந்த வைத்தியரிடமும் சொல்லியிருக்கவில்லை. அந்தச் சகோதரி அதைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, எத்தனை பாகை வரை முழங்கால் மடிகிறது என்று அளக்கத் தொடங்கினார்.